பதினான்கு பேரின் அக்கா

“என்ர அக்காவுக்கு இந்த ஹோட்டலில நிரந்தர வேலை தாங்கோ, சேர்.”

இதை ஒருக்காலும் கேட்கக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் காலையில், என் சேலைத் தலைப்புக்கு ஊசி குத்திவிட்டுக்கொண்டே சொன்னாள்: “எனக்காக அங்க ஒண்டும் கேக்கப்படாது. விளங்கிச்சோ? நான் செத்தாலும் கேக்கப்படாது.” நான் ஓம் என்றேன். ஐந்து மாதம் அந்த ஓமைக் காப்பாற்றினேன். ஆறாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, மனேஜர் சோமசேகரம் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன நேரத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பாக்கியரத்தினம், நோட்டீஸ் போட்டில என்ன கிடக்கு?”

“ஒரு வீட்டுக்கு ஒரு வேலை.”

“அதை ரைப் பண்ணினது ஆர்?”

“நான்தான், சேர்.”

“அப்ப பேந்தென்ன கதை?”

அந்த விதியில் பிழை சொல்ல எனக்கு வழியில்லை. உப்புவெளிக் கடற்கரையில் இந்த ஹோட்டல் திறந்தபோது, ஒரே வீட்டிலிருந்து ஏழு பேர் வேலை கேட்டு வரிசையில் நின்றார்களாம். அடுத்த வீட்டுக்காரர் கல்லெறியாத குறை. கடைசியில் ஊர்ச் சங்கமும் ஹோட்டலும் இருந்து பேசி, ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் வேலை என்று தீர்த்தார்கள். அதற்குப் பிறகு கல்லும் இல்லை, மொட்டைக் கடிதமும் இல்லை. மனேஜர் அந்த விதியைத் தன் சொந்தத் தம்பிக்காகக்கூட மீறாதவர். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

எங்கள் வீட்டின் அந்த ஒரு வேலை என்னிடம் இருந்தது.

அது எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் பேராதனையில் பட்டம் எடுத்து வந்தது எழுபத்துநாலில். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்கே நான்தான் முதல் பட்டதாரி. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். பிறகு இரண்டு வருஷம் அதன் கீழே இருந்து விண்ணப்பம் எழுதினேன். எம்.பி.யின் கடிதம் இருந்தால் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள் என்றார்கள். எம்.பி.யின் வாசலில் போய்க் கைகட்டி நிற்க எனக்கு வராது. “உந்தக் குணத்தோட நீ உருப்பட்ட மாதிரித்தான்” என்று அக்கா ஏசினாள். ஏசிவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்கு முத்திரை வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

அப்போதுதான் ஹோட்டலில் ஆங்கிலம் படிப்பிக்கவும் ரைப் அடிக்கவும் ஓர் ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. நான் போனேன். சோமசேகரம் என் பட்டத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், நாளைக்கே வாரும் என்றார். யாருடைய கடிதமும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். எனக்கென்று ஒரு மேசை, ஒரு கதிரை, அதன் முன்னால் கடல் பார்க்கும் ஒரு ஜன்னல்.

இனி அக்கா. அவள் பெயர் அன்னலட்சுமி. அப்பா வெள்ளைக்காரரின் நேவி யாட்டில் கூலி வேலை செய்தவர். ஐம்பத்தேழில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் வேலை போய்விட்டது; அடுத்த மாரிக்குள் அப்பாவும் போய்விட்டார். அம்மாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும்; அடுப்புப் புகை ஆகாது. பதின்மூன்று வயதில் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படியில் இருந்தாள். இடியப்பம் அவித்து, ஓலைப்பெட்டியில் அடுக்கி, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுபத்துமூன்றில் அரிசியும் மாவும் இல்லாத காலத்தில் குரக்கன் மாவில் பிழிந்தாள். நான் கம்பஸில் இருந்தபோது அம்மா செத்தாள். செத்த வீட்டுக்கு வந்த என்னை எட்டாம் நாளே ரயிலில் ஏற்றிவிட்டு, அடுத்தநாள் அடுப்பை மூட்டினாள்.

எங்கள் குசினிக்கு ஜன்னல் கிடையாது. விடிய நாலு மணிக்கு அக்கா அடுப்படியில் இருப்பாள். நான் வாசற்படியில் விளக்கோடு இருப்பேன். “சத்தமாப் படியடி, எனக்கு நித்திரை தூங்குது” என்பாள். நான் சத்தமாகப் படிப்பேன். சரித்திரம், தமிழ், ஆங்கிலம், எல்லாம். அவள் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டு கேட்டிருப்பாள். புகையில் கண் சிவந்து வடியும். “கண் எரியேல்லையோ?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “பழகிப்போச்சு.”

ஹோட்டலில் என் வேலை பதினாலு பேருக்கு ஆங்கிலம் படிப்பிப்பது. சாப்பாடு பரிமாறுகிறவர்கள், அறை துடைக்கிறவர்கள், தோட்டக்காரர்கள். வெள்ளைக்காரர் முதலில் கேட்பது எல்லாரிடமும் ஒன்றுதான்: உன் ஊர் எது, அது எப்படியான ஊர்? அதைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டுக் குசினிப் பக்கம் ஓடிவிடுவார்கள். “ஊரைப் பற்றிப் பத்து வசனமாவது சொல்லப் பழக்கும்” என்று மனேஜர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் எழுதிய ஒரு பக்கத்தையும் தந்தார். உல்லாசப் பயணிகளுக்கு அச்சடித்த துண்டுப் பிரசுரத்திலிருந்து எடுத்தது. முதல் வசனமே நாலு வரி. அதை வாசித்து முடிக்க எனக்கே மூச்சு வாங்கியது.

அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நானே ஒன்று எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி:

என் ஊர் திருகோணமலை. அது கடலோரம் இருக்கிறது. அங்கே பெரிய துறைமுகம் உண்டு. ஒரு கோட்டை உண்டு. கோட்டைக்குள் மான்கள் நடக்கும். பாறையின் மேல் ஒரு கோயில் இருக்கிறது. எனக்கு ஒரு அக்கா. அவள் பெயர் அன்னலட்சுமி. அவள் நாலு மணிக்கு எழும்புவாள். அவள் இடியப்பம் அவிப்பாள். அவள் என்னைப் படிப்பித்தாள். அவளுக்கு நான் நன்றி உடையவள்.

கடைசி வசனத்தை எழுதிவிட்டுத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். இதை அக்காவிடம் நான் தமிழில் சொன்னது கிடையாது. எங்கள் வீட்டில் நன்றி என்பது கூட்டத்தில் மாலை போட்டவருக்குச் சொல்லும் சொல். அக்காவிடம் போய்ச் சொன்னால், “என்னடி, காய்ச்சலோ?” என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள்.

றோணியோ மெஷினில் படி எடுத்துப் பதினாலு பேருக்கும் கொடுத்தேன். “இது என்ர ஊர், என்ர வீடு. இதைப் பாத்து நீங்கள் உங்கட ஊரைச் சொல்ல வேணும்” என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு எனக்கு இரண்டு வாரம் காய்ச்சல். திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“உந்த அன்னலட்சுமி ஆர்?”

“என்ர அக்கா, சேர். ஏன்?”

“உம்மட அக்கா மட்டுமில்லை. ஜவாஹிரின்ர அக்கா. சின்னராசாவின்ர அக்கா. ஹோட்டலில எல்லாருக்கும் அக்கா. நான் ஒருத்தன்தான் மிச்சம்!”

பதினாலு பேரும் என் பன்னிரண்டு வசனத்தையும் அப்படியே பாடமாக்கியிருந்தார்கள். கிண்ணியா ஜவாஹிர், சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைக்காரர் தபால்கந்தோர் எங்கே என்று கேட்டதற்கு, என் ஊர் திருகோணமலை என்று தொடங்கி நன்றி உடையவள் வரைக்கும் ஒப்புவித்திருக்கிறான். நடுவில் அவர் குறுக்கிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவானாம். குச்சவெளிச் சின்னராசா தோட்டத்தில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியபடி தன் அக்கா அன்னலட்சுமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஐந்து தம்பிமார், சகோதரி என்று ஒருத்தியும் இல்லை. மூன்றாம் இலக்க அறையில் ஒரு ஜெர்மன்காரி, அறுபது வயதிருக்கும், கேட்டதையெல்லாம் கொப்பியில் எழுதும் பழக்கம் உள்ளவ. பதினொரு பேரிடம் அன்னலட்சுமியைக் கேட்டதும் தன் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறா. லட்சுமி என்பது தெய்வம் என்று அதில் போட்டிருந்ததாம். இந்த ஊராட்கள் விடிய எழும்பிச் சாப்பாடு தரும் ஒரு தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டு, அந்தக் கோயிலுக்கு எந்த பஸ் போகும் என்று மனேஜரிடம் கேட்டிருக்கிறா.

மனேஜர் மேசையில் அடித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வகுப்பில் நான் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்கட உங்கட ஊரைச் சொல்லச் சொல்லித்தானே தந்தனான்? ஜவாஹிர், உமக்குப் பாறைமேல கோயிலோ இருக்கு?”

ஜவாஹிர் எழும்பி நின்றான். “டீச்சர் எழுதித் தந்தத நாங்க மாத்துறதா? நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு சொல்லு மாறினாலே பிரம்புதான்.”

“சரி, ஊரை விடும். அக்காவையாவது மாத்தியிருக்கலாமே? உமக்கு ஸல்ஹா எண்டு ஒரு தங்கச்சி இருக்கெல்லோ?”

“இரிக்கி டீச்சர். ஆனா அவ நாலு மணிக்கு எழும்ப மாட்டா.”

வகுப்பே சிரித்தது. சின்னராசா மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “பிள்ளை, எனக்கு அந்த வசனங்கள் பிடிச்சுப் போச்சு. அப்பிடி ஒரு அக்கா இருந்திருந்தா நானும் நாலெழுத்துப் படிச்சிருப்பன். சும்மா சொல்லிப் பாக்கிறதில என்ன குறை?”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லாததைப் பதினாலு பேர் இரண்டு வாரமாகக் கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். தோட்டத்தில், மாடிப்படியில், சூப் கோப்பையோடு. அவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? “நாளைக்கு எல்லாரும் சொந்த ஊரைச் சொல்ல வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தேன்.

சொன்னார்கள். ஜவாஹிரின் ஊர் அருமையாக வந்தது. என் ஊர் கிண்ணியா. நாங்கள் பாதை என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடப்போம். பாதையில் பஸ்ஸும் ஏறும், மாடும் ஏறும். காற்று அடித்தால் பாதை ஓடாது. அப்போது நான் வேலைக்குப் பிந்துவேன். மனேஜர் ஏசுவார். இதைச் சொல்லிவிட்டு நின்றவன், பிறகு மெல்லக் கேட்டான்: “டீச்சர், அன்னலட்சுமி அக்காட வசனத்த மட்டும் வெச்சிக்கிறனே? அதுக்குத்தான் ஆக்கள் நின்டு கேக்கிறாங்க.”

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் இன்னொன்றும் சொன்னான். அவன் லீவில் போகும்போது தங்கச்சி ஸல்ஹாவுக்கும் அவளுடைய சிநேகிதிகளுக்கும் என் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறானாம். கிண்ணியாவில் எட்டுப் பிள்ளைகள் இப்போது இங்கிலிஷில் இடியப்பம் அவிக்கிறார்கள். “துறையடிக்குப் பக்கத்துல மாமாட கட மேல்மாடி சும்மாதான் கிடக்கு. நீங்க வந்தா எங்கட பொம்பிளப் புள்ளையளும் படிக்குங்கள், டீச்சர். ஆம்பிள மாஸ்டர்மாருட்ட அனுப்ப மாட்டாங்க.” நான் அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஜெர்மன்காரி விடவில்லை. தெய்வம் இல்லை, உயிரோடு இருக்கும் ஒரு பெண்பிள்ளை என்று அறிந்ததும் இன்னும் ஆசை கூடிவிட்டது. மற்ற விருந்தினரும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை உரலோடும் தட்டோடும் கூட்டிக்கொண்டு வரும்படி மனேஜர் சொன்னார்.

வீட்டில் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

“என்ர பேரை வெள்ளைக்காரருக்கு ஏன் குடுத்தனி?” அக்கா மாக்கையோடு எழும்பி வந்தாள்.

“பாடத்தில எழுதினனான்.”

“பாடத்தில எழுத ஊரில வேற ஆளில்லையோ? பாக்கியம், எனக்காக அங்க ஏதும் கேட்டியோ? உண்மையைச் சொல்லு.”

“இல்லை. சத்தியமா இல்லை.”

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “எத்தினை பேர் வெள்ளைக்காரர்? மா எவ்வளவு வறுக்க வேணும்?” என்று கேட்டாள்.

ஞாயிறு காலை நாங்கள் முதல் பஸ்ஸில் போனோம். அக்கா வெள்ளைச் சட்டை உடுத்திருந்தாள். அந்தச் சட்டையை நான் முன்பு கண்டதில்லை. எப்போது தைத்தாள் என்றும் தெரியாது. சாப்பாட்டுச் சாலையின் கடற்பக்கத்து விறாந்தையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை, காஸ் அடுப்பு, திறந்த கடல். அவள் முதலில் குனிந்து அடுப்பின் கீழே பார்த்தாள், புகை எங்கே என்று தேடுகிறவள்போல. பிறகு நிமிர்ந்து நின்றாள். அவள் நிமிர்ந்து நின்று இடியப்பம் பிழிந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். குந்தி இருந்தும் குனிந்தும்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு இவ்வளவு உயரம் இருந்தது எனக்கே தெரியாது.

ஜெர்மன்காரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தா. நான் மொழிபெயர்க்கப் போனேன். அக்கா புறங்கையால் என்னைத் தள்ளினாள். “நீ சும்மா நில்.”

ஜெர்மன்காரிக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். இரண்டு பேரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒரே அளவு. உன் ஊர் எப்படி என்று அவ கேட்டா. அக்கா மாவை உரலில் அடைத்தபடி, நான் வாசற்படியில் இருந்து வருஷக்கணக்காகச் சத்தமாகப் படித்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனமாகச் சொன்னாள்:

“என் ஊரில் துறைமுகம் பெரியது. எல்லா நாட்டுக் கப்பலும் வரும். நான் ஒரு கப்பலிலும் போகவில்லை. மே மாதத்தில் கச்சான் காற்று. அப்போது மாவை மூட வேண்டும். மான் சந்தைக்கு வரும். கத்தரிக்காய் தின்னும். யாரும் அடிப்பதில்லை.”

ஜெர்மன்காரி சிரித்தா. “உன் வீடு?”

“என் வீடு சின்னது. குசினி மிகச் சின்னது. ஜன்னல் இல்லை. புகை. இருபது வருஷம் நான் அங்கே.”

“உனக்கு அது பிடிக்குமா?”

அக்கா இரண்டு தட்டுப் பிழிந்து முடித்தாள். நான் அந்த ‘பழகிப்போச்சு’வுக்காகக் காத்திருந்தேன். தமிழில் கேட்டிருந்தால் அதுதான் வந்திருக்கும். ஆனால் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அக்காவுக்குத் தெரியாது. நான் படித்த பாடங்களில் அது இருக்கவில்லை.

“இல்லை,” என்றாள். “பிடிக்காது. இங்கே பிடிக்கும். இங்கே காற்று இருக்கிறது. நான் இங்கே வேலை செய்ய விருப்பம். ஒவ்வொரு நாளும்.”

“அப்படியென்றால் ஏன் வரவில்லை?”

“என் தங்கைக்கு இங்கே வேலை. ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. நல்ல சட்டம். தங்கைக்குச் சந்தோசம். எனக்கும் சந்தோசம்.”

சொல்லிவிட்டு ஆவித்தட்டைத் திறந்தாள். அவள் முகம் ஆவிக்குள் மறைந்தது. நான் தூணோடு நின்றேன். பதினெட்டு வருஷத்தில் என்னிடம் சொல்லாததை, பத்து நிமிஷத்தில், ஊர்பேர் தெரியாத ஒரு மனுசியிடம் சொல்லிவிட்டாள். அதுவும் நான் கொடுத்த மொழியில். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தூணை உதைக்கலாம் போல இருந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால், என்மேல்தான். அவள் கண் எரிகிறதா என்று கேட்டேனே தவிர, அவள் சொன்ன பதிலை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் வெறும் ஓலைப்பெட்டி அவள் மடியில் இருந்தது.

“அக்கா, அந்த ஜெர்மன்காரியிட்டச் சொன்னியே...”

“அவ கேட்டா, சொன்னனான். அதில என்ன?”

“உனக்கு அங்க வேலை செய்ய விருப்பமோ?”

“இங்கிலிஷில கதைச்சதைத் தமிழில கிளறாத.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சத் தூரம் போனபின் திரும்பாமலே சொன்னாள்: “வாயத் திறந்தியோ, உன்னோட கதைக்க மாட்டன். அந்தக் கதிரையில நீ இருக்கிறதுக்குத்தான் நான் இவ்வளவும் செய்தனான்.”

 வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். ஒரு கடிதம் எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

அந்தக் கைப்பையோடுதான் திங்கட்கிழமை மனேஜரின் முன்னால் நின்றேன்.

“வாற ஞாயிறும் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்,” என்றார் சோமசேகரம், சமாதானப்படுத்தும் குரலில். “ஒவ்வொரு ஞாயிறும் வரட்டும். நாட்சம்பளம் போடுவம். பின் கேற்றால வந்து போகலாம். நிரந்தரம் எண்டு கேக்காதையும். ஒரு வீடு, ஒரு வேலை. உமக்காக மாத்தினா நாளைக்கு ஊர் என்னைக் கிழிச்சுப்போடும்.”

“மாத்த வேண்டாம், சேர். விதி நல்ல விதி.” கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “இதில கையெழுத்து வச்சால் எங்கட வீட்டில வேலை செய்யிற ஆள் ஒருத்தரும் இல்லை.”

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உமக்கென்ன விசரோ? ஒரு பட்டதாரி வேலையை விட்டுட்டு, அந்த இடத்துக்கு இடியப்பக்காரியை எடுக்கிறதோ? அந்தப் பிள்ளை உம்மைப் படிப்பிச்சது இந்தக் கதிரை கிடைக்கவெல்லோ?”

“கிடைச்சது, சேர். இருந்தும் பாத்தன். நல்ல கதிரை. யாற்றையும் கடிதம் கேக்காமத் தந்தனீங்கள். அதை மறக்க மாட்டன்.”

“இப்பிடித் தியாகம் செய்யிறதெல்லாம் கதையில வாசிக்க நல்லாயிருக்கும், பிள்ளை.”

“தியாகம் செய்யிற ஆக்களை எனக்குக் கண்ணில காட்டேலாது, சேர். எங்கட வீட்டில ஒருத்தி செய்தது காணும். எனக்கு இங்கிலிஷ் படிப்பிக்கத் தெரியும். அதை எங்கயிருந்தும் படிப்பிக்கலாம். கிண்ணியாவில பிள்ளையள் இருக்கு, மேல்மாடி இருக்கு. அக்காவுக்குத் தெரிஞ்ச வேலையை ஜன்னலோட செய்ய ஊரில இந்த ஒரு இடம்தான் இருக்கு.”

“இங்க ஆர் படிப்பிக்கிறது?”

“ஜவாஹிர். என்னைவிட நல்லாப் பாடமாக்குவிப்பான்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார். “அன்னலட்சுமிக்குத் தெரியுமோ உது?”

“தெரியாது. தெரிஞ்சா ஏசுவா. கடிதம் குடுத்தபிறகு எவ்வளவும் ஏசட்டும்.”

“வேலையை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா?”

அதை நானும் யோசித்திருந்தேன். “சொல்லட்டும், சேர். ஆனா இங்கிலிஷில சொல்லச் சொல்லுங்கோ.”

அவர் கதிரையில் சாய்ந்து வெகுநேரம் விசிறியைப் பார்த்தார். வெளியே சின்னராசாவின் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது. கடைசியில் மேசை லாச்சியைத் திறந்து, ஹோட்டலின் பெயர் அச்சடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“நியமனக் கடிதத்தை நீரே அடியும். எனக்கு ரைப்பிஸ்ட் இல்லையெல்லோ இப்ப.”

என் மேசையில், என் ஜன்னலுக்கு முன்னால் இருந்து கடைசியாக அந்தக் கடிதத்தை அடித்தேன். காலை உணவுப் பகுதி, நிரந்தர நியமனம், செல்வி அன்னலட்சுமி. பெயரில் ஒரு எழுத்துப் பிழை வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் திரும்பவும் முதலிலிருந்து அடித்தேன். அவர் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு எழும்பி நின்றார். எனக்காக அவர் எழும்பியது அது ஒரு தரம்தான்.

“போயிட்டு வாரும், பாக்கியரத்தினம்.”

“வாறன், சேர். பெரிய உபகாரம்.”

சாப்பாட்டுச் சாலை வழியாக வந்தேன். புதிதாக வந்திருந்த ஒரு தம்பதிக்கு ஜவாஹிர் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றான். பாதையில் மாடு ஏறுவதைச் சொல்லி முடித்திருந்தான்.

“ஐ ஹாவ் வன் சிஸ்டர்,” என்றான். “ஹெர் நேம் இஸ் அன்னலட்சுமி.”

என்னைக் கண்டதும் நிறுத்தப் பார்த்தான். சொல்லும், சொல்லும் என்று கையால் காட்டினேன். அவன் தொடர்ந்தான்.

வேலையாட்கள் எல்லாரும் பின் கேற்றால்தான் போய்வர வேண்டும். நான் இப்போது இங்கே வேலையாள் இல்லை. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன் வாசலைத் திறந்து, றோட்டுக்கு இறங்கினேன்.